கூட்டாளிகள் கூடும் இசை: மட்டக்களப்பு வாவிக்கரையின் லான்சர்ஸ் ஆட்டமும் அறுபதுகளின் இசைக்குழுக்களும்

1960களில் தோன்றிய றொக் இசைக்குழுக்களில் சில இன்றும் மேடையேறுகின்றன என்பதும், அவற்றைக் கேட்க வருவோரில் பெரும்பாலோர் அக்குழுக்களோடு சேர்ந்தே முதுமையடைந்தவர்கள் என்பதும் அண்மைக்கால இசையாய்வு அக்கறையோடு எடுத்துக்கொண்டுள்ள செய்திகளாகும். லண்டனில் 1962ஆம் ஆண்டு தொடங்கிய றோலிங் ஸ்டோன்ஸ் குழு, தன் மேளக்காரர் சார்லி வாட்ஸ் 2021இல் மறைந்த பின்னரும் ஓயாமல், 2024இல் வட அமெரிக்க நகரங்களில் பாடிச் சென்றபோது அதன் முதன்மைப் பாடகர் மிக் ஜாகருக்கு வயது 80. அக்குழுவின் பாடல்கள் அனைத்தும் இசைத்தட்டிலும் இறுவெட்டிலும் கைபேசியிலும் கிடைக்கின்றன. இளமைக்காலக் குரலும் வேகமும் அந்தப் பதிவுகளிலேயே நன்றாகக் கேட்கின்றன. அப்படியிருந்தும் பள்ளிக்கூட நாட்களின் கூட்டாளிகளைத் தேடிப்பிடித்து, தொலைவிலிருந்து பயணம் செய்து, விலை கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி மக்கள் போகிறார்கள் என்றால், அவர்கள் தேடிப் போவது பாட்டை மட்டும் என்று கொள்ள முடியாது.

இதற்கு ஆய்வாளர் தரும் விளக்கங்கள் பல. மனிதர் தம் வாழ்நாளில் பதின்பருவத்துக்கும் இருபதுகளின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்ட காலத்தில் கேட்டவற்றையும் கண்டவற்றையுமே முதுமையில் அதிகமாகவும் தெளிவாகவும் நினைவுகூர்கிறார்கள் என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்ட ஒரு முடிவு. இளமையில் பற்றிக்கொண்ட இசை வயதேற ஏற உதிர்ந்து விடுவதில்லை, குடும்பத்தோடும் தொழிலோடும் நட்போடும் பிணைந்து வாழ்வின் ஒரு பகுதியாகவே தொடர்கிறது என்று சமூகவியலாளர் அன்டி பெனற் 2013இல் வெளியிட்ட நூலில் காட்டினார். எல்லாவற்றிலும் அடிப்படையான கருத்தைச் சொன்னவர் கிறிஸ்டோபர் ஸ்மோல். இசையை ஒரு பொருளாகக் கொள்ளாமல் ஒரு செயலாகக் கொள்ளவேண்டும் என்றும், பாடுபவர் மட்டுமின்றிக் கேட்பவர், ஆடுபவர், வாசலில் சீட்டுக் கிழிப்பவர் வரை எல்லோரும் அச்செயலில் பங்காளிகள் என்றும் அவர் 1998இல் எழுதினார். இந்த நோக்கில் பார்த்தால், பழைய குழுவொன்றின் நிகழ்ச்சிக்குப் பழைய கூட்டாளிகளோடு போவது அந்த இசையின் உள்ளே நடக்கும் காரியமே ஆகிறது.

எனினும் மேற்படி ஆய்வுகள் பெரும்பாலும் மேலைநாடுகளின் பெரிய அரங்குகளையே ஆதாரமாகக் கொண்டவை. பல்லாயிரம் பேர் நிறைந்த அரங்கில் ஒருவர் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒருவர் வராவிட்டால் இசையே தடைப்படும் அளவுக்குச் சிறிய கூட்டங்களில்தான் கூட்டாளியின் இடம் எவ்வளவு பெரியது என்பது கண்ணுக்குத் தெரியும். அப்படியொரு கூட்டம் இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு வாவியின் ஓரத்தில், நூற்றாண்டுகளாக ஆடியும் பாடியும் வந்திருக்கிறது. இலங்கையின் அறுபதுகளுக்குரிய, பைலா என்னும் ஆடலிசையைப் பாடிய குழுக்களையும் தமிழ்ப் பொப்பிசையையும் விளங்கிக்கொள்ள முயல்பவர் அக்கூட்டத்தைக் கடந்து போக இயலாது.

மட்டக்களப்பு வாவி வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீள்கிறது. கடலோரமாகச் சூரியன் எழும் பக்கத்தில் உள்ள ஊர்கள் எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே வயல்சூழ்ந்த ஊர்கள் படுவான்கரை என்றும் பெயர் பெற்றுள்ளன. இரண்டுக்கும் நடுவே நீர்சூழ்ந்த புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638இல், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு உடன்பாடு செய்துகொண்ட ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். ஆட்சி போயிற்று, போர்த்துக்கேய வழிவந்த குடும்பங்கள் போகவில்லை. தமிழில் பறங்கியர் என்று அழைக்கப்படும் அம்மக்கள் கத்தோலிக்கராக, தச்சர்களாக, கொல்லர்களாக, சப்பாத்துத் தைப்பவர்களாக, பிற்காலத்தில் இயந்திரம் திருத்துபவர்களாக வாழ்ந்தனர். கொழும்பில் ஆங்கிலம் பேசி அரசாங்க உத்தியோகம் பார்த்த ஒல்லாந்தப் பறங்கியருக்கும் மட்டக்களப்பின் கைவினைஞரான போர்த்துக்கேயப் பறங்கியருக்கும் இடையிலிருந்த வேறுபாட்டை மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1982இல் எழுதிய கட்டுரையொன்றில் விரிவாக ஆராய்ந்துள்ளார். மட்டக்களப்புப் பறங்கியர் 1927இல் தமக்கெனக் கத்தோலிக்கப் பறங்கியர் சங்கத்தை அமைத்துக்கொண்டனர்.

இவர்கள் வீட்டில் பேசிய மொழி போர்த்துக்கேயக் கிரியோல். கிரியோல் என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகள் நெருங்கிப் பழகியதால் பிறந்து, பின்னர் ஒரு சமூகத்தின் தாய்மொழியாக நிலைத்துவிட்ட மொழி. மட்டக்களப்புக் கிரியோலை 1970களில் ஊருக்குள்ளிருந்தே ஆராய்ந்த மொழியியலாளர் இயன் ஸ்மித் கண்டறிந்தது தமிழ் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டியது: சொற்களிற் பெரும்பாலானவை போர்த்துக்கேயம், ஆனால் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதிக்குப் போய்விட்டது, பெயரின் பின்னே ஒட்டும் வேற்றுமை உருபுகளும் தமிழைப் போலவே அமைந்துவிட்டன. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பக்கத்து வீட்டுத் தமிழைக் கேட்டு வளர்ந்த மொழி அது. அயலாரோடு இவ்வளவு ஆழமாகக் கலந்த ஒரு சமூகம் தன் இசையை மட்டும் தனியே பூட்டி வைத்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

அந்த இசையின் இருப்பிடம் கலியாண வீடு. பறங்கியர் கலியாணத்தில் இரண்டு ஆட்டங்கள் முக்கியமானவை: ஒன்று கப்ரிஞ்ஞா, மற்றையது லான்சர்ஸ். வயலினும் அதற்குத் துணையான நரம்பு வாத்தியங்களும் மேளமும் சேர்ந்த ஒரு சிறு குழு வாசிக்க, உறவினரும் நண்பரும் இணையிணையாக ஆடுவர். லான்சர்ஸ் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நடன மண்டபங்களில் பரவிய சதுர ஆட்டம். டப்ளின் நகரில் 1817 அளவில் தோன்றி, அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டனிலும் பாரிசிலும் பெருவழக்காகி, முதல் உலகப் போருக்குப் பின் அந்நடன மண்டபங்களிலிருந்து மெல்ல மறைந்தது. மட்டக்களப்பில் மறையவில்லை.

இந்த ஆட்டத்தின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் இக்கட்டுரை சொல்ல வரும் செய்தி அதிலேயே உள்ளது. ஐரோப்பிய மூலவடிவத்தில் ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் ஆணும் பெண்ணுமாக நான்கு இணைகள் உள்நோக்கி நிற்பர். ஆட்டம் ஐந்து பகுதிகளாக நடக்கும். இறுதிப் பகுதியில் ஒவ்வொருவரும் தம் இணைக்கு வலக்கையைக் கொடுத்து அவரைக் கடந்து, அடுத்து எதிரே வருபவருக்கு இடக்கையை நீட்டி, அதற்கடுத்தவருக்கு மீண்டும் வலக்கையைக் கொடுத்து, ஆண்கள் ஒரு திசையிலும் பெண்கள் எதிர்த்திசையிலுமாக வளைந்து வளைந்து சுற்றி வருவர். அந்தச் சுற்று முடியும் முன் எதிர்ப்பாலார் ஒவ்வொருவருடைய கையையும் தொட்டாயிற்று. எட்டுப் பேரில் ஒருவர் பிந்தினால் அடுத்தவரின் கை வெறுங்காற்றில் நிற்கும். ஒருவருக்கு முறை தெரியாவிட்டால் சங்கிலி முழுவதும் அறுந்துபோகும். தனியாக ஆடக்கூடிய ஆட்டமன்று இது. முறை தெரிந்த, ஒருவரின் காலடியை மற்றவர் அறிந்த, பல கலியாணங்களில் ஒன்றாக ஆடிப் பழகிய ஒரு கூட்டம் அதற்கு வேண்டும். வயலின் வாசிப்பவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் அவரிடம் லான்சர்ஸ் மெட்டு இருக்கும், லான்சர்ஸ் இருக்காது.

கப்ரிஞ்ஞாவின் இயல்பு வேறு. அதன் உயிர் தாளத்தில் உள்ளது. ஒரு சுற்றில் ஆறு சிற்றெண்ணிக்கைகள் கொண்டு, மூன்று மூன்றாகப் பிரிந்து நடப்பது அத்தாளம். கர்நாடக இசையின் திஸ்ர நடையை அறிந்தவர் அதை உடனே இனங்காண்பர். பாட்டு மூன்று மூன்றாகச் செல்லும்போது மேளமோ கிற்றாரோ அதே ஆறை இடையிடையே இரண்டிரண்டாக வெட்டும். அந்த வெட்டில்தான் தோளும் இடுப்பும் தாமாக அசைகின்றன. தமிழ் நாட்டார் வழக்கில் கும்மியும் மும்மை நடையிலேயே பெரிதும் அமைவது. பிற்காலத்தில் கப்ரிஞ்ஞாவின் வழிவந்த பைலாத் தாளத்தில் தமிழ்ச் சொற்கள் சிறிதும் இடறாமல் அமர்ந்துகொண்டமைக்கு இந்த உறவு ஒரு முக்கிய காரணம் எனலாம்.

இப்பாடல்கள் வெகுகாலம் வாய்வழியாகவே நிலவின. பிரித்தானிய அரச உத்தியோகத்தரான ஹியூ நெவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேகரித்த கையெழுத்துப் பிரதிகளில் மட்டக்களப்புப் போர்த்துக்கேயப் பாடல்களும் கப்பிரிப் பாடல்களும் உள்ளன. அவை பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. கப்பிரிகள் எனப்பட்டோர் போர்த்துக்கேயராலும் பின்வந்தோராலும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழும் அவர்கள் தமக்கே உரிய மஞ்ஞா என்னும் பாடல் மரபைக் காத்து வருகின்றனர். ஆதலால் பைலாவின் பிறப்பிடம் மட்டக்களப்பு ஒன்றே என்று உரிமை கோருவது சரியாகாது. மேற்குக் கரையின் கப்பிரிகளும் கொழும்புப் பகுதியின் கைவினைப் பறங்கியரும் தத்தம் வழியில் அதைச் சிங்கள மக்களிடம் கொண்டு சேர்த்தனர். சிங்களத்தில் பைலாவையும் கப்ரிஞ்ஞாவையும் முறையாக ஆராய்ந்து 1985இல் நூல் எழுதிய சுனில் ஆரியரத்னவின் பணி இங்கு நினைவுகூரத்தக்கது. மட்டக்களப்புக்கு உரிய சிறப்பு வேறு: மற்ற இடங்களில் மேடைப் பாட்டாக மாறிவிட்ட ஒன்று, இங்கே கலியாண வீட்டு ஆட்டமாக, அதற்குரிய மொழியோடும் ஆடுவோர் கூட்டத்தோடும் நின்று நிலைத்தது.

மேடைப் பாட்டாக மாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். பொலிஸ் உத்தியோகத்தராக இருந்த வொலி பஸ்தியன் (1914–1985) பறங்கியர் மெட்டுக்களுக்குச் சிங்களச் சொற்களை அமைத்துப் பாடி, பைலாவை நாடறிந்த இசையாக்கினார். இரு பாடகர் ஒரே மேடையில் நின்று, கொடுத்த பொருள்பற்றி உடனுக்குடன் அடி புனைந்து மோதிக்கொள்ளும் வாத பைலாவும் அக்காலத்தில் வளர்ந்தது. மட்டக்களப்புத் தமிழரும் முஸ்லிம்களும் வயற்காவலிலும் ஊர்க்கூட்டங்களிலும் கவிக்குக் கவி பாடி விடைகொடுத்துக்கொண்ட வழக்கத்தை அறிந்தவருக்கு இதில் புதுமை தோன்றாது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பது என்பது இங்கும் இசையின் அடிப்படை.

பின்னர் மின்கிற்றார் வந்தது. கொழும்பின் விருந்தகங்களில் ஜெட்லைனர்ஸ் போன்ற குழுக்கள் ஆங்கிலப் பாடல்களைப் பாடிக்கொண்டிருந்த காலத்தில், 1966இல், கிளரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவைக் கட்டி, மின்கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குரிய வாத்தியமாக்கினர். நெவில் பெர்னாண்டோவின் லொஸ் கபலேரோஸ் குழு இலத்தீன் அமெரிக்கச் சந்தத்தைப் பைலாவோடு இணைத்தது. அறுபதுகள் முடியும் தறுவாயில் அன்ரன் பெரேரா தம் பிள்ளைகளைக் கொண்டு ஜிப்சீஸ் குழுவைத் தொடங்கினார். பீற்றில்ஸ் குழுவினர் 1966 ஆகஸ்ட் மாதம் சான் பிரான்சிஸ்கோவில் பாடியதோடு கட்டண நிகழ்ச்சிகளைக் கைவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் புகுந்துகொண்ட அதே ஆண்டுகளில், இலங்கைக் குழுக்கள் மைதானங்களையும் பள்ளிக்கூட மண்டபங்களையும் கலியாண வீடுகளையும் நோக்கி வெளியே வந்தன என்பது கவனத்துக்குரிய வேறுபாடு. பைலா ஆடுவோரை நம்பிய இசை. அதை ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் அடைத்து வைக்க இயலாது.

தமிழிலும் இதே அலை எழுந்தது. அதற்கு இலங்கைத் தமிழர் இட்ட பெயர் பொப்பிசை. துள்ளிசை என்றும் வழங்குவர். உரும்பராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்த காலத்திலேயே மேடையில் பாடியவர். அவருடைய ‘சின்ன மாமியே’ இன்றளவும் ஈழத் தமிழர் கூடும் இடமெல்லாம் ஒலிக்கிறது. அம்பாறை 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியாக இருந்தது என்பதையும், பல மாவட்டங்களின் இளைஞர் ஒரே விடுதியில் தங்கிப் படித்த இடம் அந்த நிறுவனம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தமிழ்ப் பொப்பிசையின் தொட்டில்களில் ஒன்று மாணவக் கூட்டாளிகளின் விடுதி என்று சொல்வது மிகையாகாது. திருகோணமலையிலிருந்து பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் வந்தனர். ஏ.ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’ பாக்குநீரிணையைக் கடந்தது. சிங்களமும் தமிழும் கலந்த, மீன் கொண்டுவரும் கதையைப் பாடும் அப்பாட்டின் மெட்டு, 1977இல் இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ திரைப்படத்திலும் இடம்பெற்றது. சிலோன் மனோகர் என்று தமிழ்நாட்டில் அறியப்பட்ட அவர், சென்னையில் 2018 ஜனவரியில் காலமானார்.

இந்த அலைக்கு அரசியலும் வழிவிட்டது. 1970இல் ஆட்சிக்கு வந்த கூட்டரசாங்கம் இறக்குமதிகளை இறுக்கியபோது தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளுக்கும் திரைப்படங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. அந்த இடைவெளியில் உள்ளூர் நாடகம், உள்ளூர் இதழ், உள்ளூர்ப் பாட்டு ஆகியவற்றுக்குக் கவனம் கிடைத்தது. எஸ்.கே. பரராஜசிங்கம் முதலியோர் வளர்த்த ஈழத்து மெல்லிசையும் பொப்பிசையும் 1967இல் கூட்டுத்தாபனமான இலங்கை வானொலியின் வழியே வீடுவீடாகச் சென்றன. ஆனால் 1977க்குப் பின் சந்தை திறந்துவிடப்பட்டதும் இந்தியத் திரைப்பாடல் பெருவெள்ளமாகத் திரும்பி வந்தது. பொப்பிசைப் பாடகர் தம் உச்சக்காலத்தைச் சில ஆண்டுகளே கண்டனர் என்பது வருத்தத்துக்குரியது. அவர்களுடைய திறமைக்கு அது போதிய காலமன்று.

இனி, மட்டக்களப்புப் பறங்கியருக்கு நேர்ந்ததை நோக்கலாம். 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாக்கப்பட்டதன் பின் பறங்கியர் பெருந்தொகையாக அவுஸ்திரேலியா சென்றனர். ஆங்கிலக் கல்வியும் ஐரோப்பிய வம்சாவளிப் பத்திரமும் கையிலிருந்த கொழும்புக் குடும்பங்களுக்கு அந்த வழி முதலில் திறந்தது. வெள்ளையருக்கே முன்னுரிமை தந்த அக்காலத்து அவுஸ்திரேலியக் குடிவரவுக் கொள்கையின் கீழ் மட்டக்களப்பின் தச்சருக்கும் கொல்லருக்கும் அது எளிதில் திறக்கவில்லை. ஆகவே அறுபதுகளில் இங்கே கூட்டம் பெருமளவு கலையாமல் இருந்தது. அதைக் கலைத்தவை அதற்குப் பின் வந்தவை: 1978 நவம்பர் சூறாவளி, 1983 முதல் நீடித்த போர், 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை. இரவில் தொடங்கி விடியும்வரை நீளும் எந்த ஒன்றுகூடலுக்கும் ஊரடங்கு எதிரி. கலியாணம் தடைப்படாவிட்டாலும் கலியாணத்து இரவு சுருங்கும். இரவு சுருங்கினால் முதலில் போவது ஆட்டம். ஆழிப்பேரலை பறங்கியர் செறிந்து வாழ்ந்த டச்பார் குடியிருப்பை அழித்தது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் அருகே அமைந்த அக்குடியிருப்பில் இறந்தோர் ஒருபுறமிருக்க, எஞ்சியோர் வெவ்வேறு இடங்களில் குடியேற்றப்பட்டதையும், போருக்கும் பேரலைக்கும் பிந்திய இச்சமூகத்தின் நிலையையும் மக்கில்வ்ரே 2007இல் மீண்டும் எழுதினார். பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் பிரிந்தபின் ஒரு சதுரத்துக்கு எட்டுப் பேரைச் சேர்ப்பது எளிதன்று.

இசை மரபொன்று அழிவதைப் பற்றி எழுதுவோர் வழக்கமாகக் கடைசி வித்துவானைத் தேடிப் போகிறார்கள். கடைசி வயலின் கலைஞர், கடைசிப் பாடகர் என்று தலைப்பிட்டு அவரைப் படம் பிடிக்கிறார்கள். மட்டக்களப்பின் அனுபவம் கவனத்தை வேறு பக்கம் திருப்புகிறது. வித்துவான் இருக்கும்போதே, அவர் கை நடுங்காமல் வாசிக்கும்போதே, எதிரே ஆடுவோர் குறைவதால் மரபு தளரலாம். கேட்போரும் ஆடுவோரும் மெல்லக் கலைவதால் அந்த இழப்பைக் குறித்துவைக்க ஒரு தேதி கிடைப்பதில்லை. ஆகவே எவரும் அதற்கு இரங்கல் எழுதுவதுமில்லை. மூத்த றொக் குழுக்களின் நிகழ்ச்சிக்குப் பழைய கூட்டாளிகள் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு போவதன் பொருளும் இந்த இடத்தில் துலங்குகிறது. எந்த வரியில் எல்லோரும் சேர்ந்து குரல் கொடுக்கவேண்டும், எந்த இடத்தில் கைதட்டை நிறுத்தவேண்டும், மேடையில் இன்று இல்லாதவரின் பகுதியை எப்படி நிரப்பவேண்டும் என்பவை ஒரு தலைமுறைக் கேட்போர் தம்முள் பகிர்ந்து வைத்திருக்கும் அறிவு. குழுவினரில் பாதிப்பேர் மறைந்தபின்னும் நிகழ்ச்சி நடப்பதற்கு அந்த அறிவே தாங்குதூண்.

இதை மட்டக்களப்பின் கூத்து மரபும் உறுதிசெய்கிறது. வடமோடி, தென்மோடி என இருவகைப்பட்ட கூத்துக்கள் வட்டமான களரியில், நாற்புறமும் ஊர் சூழ்ந்திருக்க, அண்ணாவியார் மத்தளத்தோடு வழிநடத்த, இரவு முழுவதும் ஆடப்படுவன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு அம்மரபை நவீன மேடைக்கேற்பச் செப்பம் செய்தபோது, ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்த மாணவர் சி. மௌனகுரு. பின்னாளில் பேராசிரியராகிய அவர் பல பதிற்றாண்டுகள் கழித்து அதே கூத்தைப் புதிய தலைமுறையைக் கொண்டு மீண்டும் மேடையேற்றினார். அதைப் பார்க்க வந்த அறுபதுகளின் தலைமுறை இரண்டு கூத்துக்களை ஒரே நேரத்தில் பார்த்தது என்பதில் ஐயமில்லை: மேடையில் நடப்பது ஒன்று, மனத்தில் ஓடுவது மற்றொன்று. ஆயினும் கூத்துக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் கூத்தாடும் ஊர்கள் பல. ஓர் ஊரில் நின்றாலும் மற்றோர் ஊரில் தொடரும். பல்கலைக்கழகமும் கற்கைநெறியாக அதை ஏற்றுக்கொண்டது. பறங்கியரின் லான்சர்ஸ் ஆட்டத்துக்கு அத்தகைய பின்பலம் எதுவும் வாய்க்கவில்லை.

புலம்பெயர்ந்தோரிடையே இக்கதைக்கு இன்னொரு கிளை உண்டு. நித்தி கனகரத்தினம் மெல்பேர்ன் நகரில் வாழ்கிறார். அதே அவுஸ்திரேலியாவுக்கு அவருக்கு முன்பே சென்ற பறங்கியரும் தம் விருந்துகளில் பைலா ஆடியவர்களே. லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஈழத் தமிழரின் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல்களில் இராப்போசனத்துக்குப் பின் பைலா தொடங்கியதும் அறுபது எழுபது வயதினர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வருவது எவரும் காணக்கூடிய காட்சி. அங்கே மேடையில் நிற்பது மூலப் பாடகராக இருக்கவேண்டிய அவசியமில்லை. ஒரே வகுப்பில், ஒரே விடுதியில், ஒரே வானொலியின் முன் அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர் அருகில் இருந்தால் போதும். பைலாத் தாளம் ஆட்டத்தைக் கட்டாயப்படுத்தும். முறை தெரியாதவரும் ஆடலாம். இந்த இளக்கமே பைலாவை உலகெங்கும் கொண்டுசென்றது. லான்சர்ஸ் ஆட்டத்தின் கட்டுக்கோப்பு அதற்குத் தடையாயிற்று. இரண்டும் ஒரே கலியாண வீட்டுப் பிள்ளைகள். ஒன்று எவரையும் சேர்த்துக்கொண்டது, மற்றது பழகியவரையே கேட்டது. பழகியவரைக் கேட்கும் கலை குறைந்ததென்று எண்ணிவிடக் கூடாது. இன்று உலகம் விரைந்து இழந்துகொண்டிருப்பது அத்தகைய கலைகளையே.

இழப்பைத் தடுக்கும் முயற்சிகள் இல்லாமலில்லை. கெனத் டேவிட் ஜாக்சன் மட்டக்களப்பிலும் ஏனைய இடங்களிலும் சேகரித்த கிரியோல் பாடல்களை ஆராய்ந்து 1990இல் நூலாக வெளியிட்டார். அவருடைய களப்பதிவுகளைக் கொண்ட இறுவெட்டு 1998இல் போர்த்துக்கலில் வெளிவந்தது. லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோ தலைமையில் நடந்த ஆவணப்படுத்தல் திட்டம், இசையாய்வாளர் மகேஷ் ராதாகிருஷ்ணனையும் சேர்த்துக்கொண்டு, கிழக்குக் கரைப் பறங்கியரின் பேச்சு, பாட்டு, ஆட்டம் ஆகியவற்றைக் காணொளியாகப் பதிந்து, அழியும் மொழிகளுக்கான ஆவணக் காப்பகத்தில் வைத்துள்ளது. மொழியையும் இசையையும் ஒன்றாகப் பதிந்தமை அத்திட்டத்தின் பெரிய நன்மை.

இலங்கையில் செய்யவேண்டியது எஞ்சியிருக்கிறது, அது மட்டக்களப்பிலேயே செய்யத்தக்கது. கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் இசையும் நடனமும் பயிலும் மாணவருக்கு லான்சர்ஸ் ஆட்டத்தின் ஐந்து பகுதிகளையும், வயலின் மெட்டுக்களையும், ஆடுவோருக்கு அடுத்த முறையைக் கூவிச் சொல்லும் வழக்கத்தையும் பறங்கிய மூத்தோரிடமிருந்தே கற்பிக்கலாம். அப்படிக் கற்பிக்கையில் தனி மாணவரைத் தேர்ந்தெடுப்பதை விட ஒரே வகுப்பைச் சேர்ந்த எட்டுப் பேரை ஒன்றாகச் சேர்ப்பதும், அவர்களைப் படிப்பு முடியும்வரை ஒரே சதுரமாக வைத்திருப்பதும் பயன்தரும். கலியாணம் நடக்கும் பறங்கியர் வீட்டில் ஆட்கள் குறையும்போது, அழைப்பு வந்தால், அந்த எட்டுப் பேரும் போய்ச் சதுரத்தை நிரப்பலாம்.